ஒரே மரம், இரண்டு நாடு: நியூசிலாந்து தடியாக ஏற்றியது, சிலி ஆலையில் போட்டது



தூத்துக்குடியில் பேக்கிங் பெட்டி அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "டீச்சர், நாங்கள் அறுக்கும் பைன் நியூசிலாந்திலிருந்து வருகிறது என்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து முழுத் தடியாகவே ஏன் அனுப்புகிறார்கள்? அங்கேயே பலகையாக அறுத்து அனுப்பினால் அவர்களுக்குத்தானே கூலியும் லாபமும்?"

நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது இத்தனை நீளத்துக்குப் போய்விட்டது. பொறுமை இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். இல்லாதவர்கள் பாதியில் நிறுத்தினாலும் நான் ஆப்சென்ட் போடமாட்டேன்.

இந்தக் கேள்விக்கு நியூசிலாந்தை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. பக்கத்தில் இன்னொரு நாட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அது சிலி. ஏனென்றால் இரண்டு நாடும் பிழைப்பது ஒரே மரத்தை வைத்து. அதுவும் இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாத மரம்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மென்மரம் என்றால் தொட்டால் மெத்தென்று இருக்கும் மரம் என்று நினைக்க வேண்டாம். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை இனங்களின் மரத்துக்கு வணிகத்தில் வைத்த பெயர் அது. அந்த இனத்தில் ஒன்று 'ரேடியேட்டா பைன்'. இதன் சொந்த ஊர் கலிபோர்னியா. அதுவும் கலிபோர்னியா முழுக்க இல்லை. மான்டெரே நகரை ஒட்டிய பகுதி உட்பட கடற்கரையில் மூன்றே மூன்று இடம், மெக்சிகோவுக்குச் சொந்தமான இரண்டு தீவு, அவ்வளவுதான் உலகத்தில் இது இயற்கையாக வளரும் இடம். அங்கே கடற்காற்றில் வளைந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். விறகைத் தாண்டி அதைப் பெரிதாக யாரும் மதித்ததில்லை.

இப்போது அட்லஸை எடுங்கள். மான்டெரே வட அட்சரேகை 36, 37 பாகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டைக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டு தெற்கே அதே தூரம் இறங்குங்கள். சிலியின் கொன்செப்சியோன் நகரம் தெற்கே 37 பாகையை ஒட்டி வரும். நியூசிலாந்து வடக்குத் தீவின் நடுப்பகுதி 38 பாகையில் வரும். வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான், மழை மட்டும் கூடுதல். சொந்த ஊரில் கூனிக் குறுகி நின்ற மரம் இந்த இரண்டு இடத்திலும் தூண் மாதிரி நிமிர்ந்து வளர்ந்தது. நியூசிலாந்தில் சுமார் 28 ஆண்டில் வெட்டுகிறார்கள். சிலியில் அதற்கும் முன்பே வெட்டிவிடுவார்கள். ஸ்வீடன், பின்லாந்து போன்ற குளிர்நாடுகளில் ஒரு பைன் மரம் வெட்டுப்பதத்துக்கு வர எழுபது எண்பது ஆண்டுக்கு மேலாகும். அங்கே தாத்தா நட்டதைப் பேரன் வெட்டுவான். இங்கே நட்டவனே வெட்டலாம்.

நியூசிலாந்துக்கு இந்த மரம் 1850களின் இறுதியில் வந்து சேர்ந்தது. அப்போது அதற்கு வேலையே இல்லை. அந்நாட்டிலேயே கௌரி என்ற பிரம்மாண்டமான மரம் இருந்தது. அதுவும் ஊசியிலை இனத்தோடு சேர்ந்ததுதான். பிரிட்டிஷ் கடற்படைக்குப் பாய்மரமாகவும், ஆஸ்திரேலிய நகரங்களுக்கு வீட்டுப் பலகையாகவும் வெட்டி வெட்டி அனுப்பினார்கள். கஹிகாட்டியா என்ற இன்னொரு மரம் வெண்ணெய்ப் பெட்டி செய்யப் போனது. அந்த மரத்துக்கு வாடை கிடையாது, வெண்ணெயில் மணம் ஏறாது. இப்படியே போனதில் 1913இல் அரசு ஒரு விசாரணைக் குழு போட வேண்டிய நிலை வந்தது. சொந்தக் காட்டு மரம் தீரப்போகிறது, வேகமாக வளரும் வெளிநாட்டு மரத்தை நடுங்கள் என்று அந்தக் குழு சொன்னது. குழு அறிக்கையை அலமாரியில் வைக்காமல் அதன்படி நடந்த அரசுகள் உலகத்தில் குறைவு. இவர்கள் நடந்தார்கள்.

எங்கே நட்டார்கள் என்பதுதான் சுவையான செய்தி. வடக்குத் தீவின் நடுவில் கைங்காரோவா என்று ஒரு பெரிய மேட்டுச் சமவெளி. எரிமலை கக்கிய நுரைக்கல் மண். அங்கே ஆடு மாடு மேய்த்தால் தீனி இருந்தும் மெலிந்து மெலிந்து செத்தன. காரணம் யாருக்கும் புரியவில்லை. மண்ணில் கோபால்ட் என்ற தாது கொஞ்சம்கூட இல்லை, அதுதான் காரணம் என்று 1930களில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் விவசாயத்துக்கு உதவாத நிலம் என்று முத்திரை குத்தி மரம் நடத் தொடங்கிவிட்டார்கள். 1901 முதலே பக்கத்தில் வையோட்டாபு என்ற இடத்தில் கைதிகளை வைத்து நட்டார்கள். 1919இல் வனத்துறை உருவானது. கனடாவிலிருந்து வந்த மக்கின்டாஷ் எல்லிஸ் என்பவர் அதன் முதல் இயக்குநர். பத்தாண்டில் மூன்று லட்சம் ஏக்கர் என்று 1925இல் இலக்கு வைத்தார்கள். அடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலையில்லாமல் நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிவாரண வேலையாகக் கையில் மண்வெட்டியும் நாற்றும் கொடுத்தார்கள். நம் ஊரில் பஞ்ச காலத்தில் கண்மாய் வெட்டச் சொன்னது போல. மனிதர் கையால் நட்ட காடுகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் கைங்காரோவா ஆனது இப்படித்தான்.

சிலியின் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. 1849இல் கலிபோர்னியாவில் தங்க வேட்டை. அங்கே குவிந்த கூட்டத்துக்கு ரொட்டி வேண்டும். சிலிக்காரர்கள் கடற்கரைக் குன்றுகளில் காட்டை அழித்துக் கோதுமை விதைத்துக் கப்பலேற்றினார்கள். சில ஆண்டு நல்ல காசு. பிறகு கலிபோர்னியா தன் கோதுமையைத் தானே விளைவிக்கத் தொடங்கியது. சிலியில் மிஞ்சியது மழையில் அரித்துப் பள்ளம் பள்ளமாகிப்போன செம்மண் குன்றுகள். கடலோரத்தில் மணல்மேடு நகர்ந்து வந்து ஊரை மூடியது. 1900ஐ ஒட்டி பெதெரிக்கோ ஆல்பர்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் சான்கோ என்ற ஊரில் மரம் நட்டு மணலை நிறுத்திக் காட்டினார். லோட்டா நிலக்கரிச் சுரங்கத்தாரும் சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் வேண்டுமென்று ரேடியேட்டாவை நட்டார்கள். தங்க வேட்டைக்காக அரித்துப்போன குன்றை மூட, அதே கலிபோர்னியாவின் மரமே வந்தது.

1931இல் சிலி ஒரு வனச் சட்டம் போட்டு, நட்ட காட்டுக்கு வரிவிலக்குக் கொடுத்தது. ஆகவே 1930களின் நடுவில் பார்த்தால் இரண்டு நாடும் ஒரே மரத்தை நட்டுவிட்டு வளரட்டும் என்று காத்திருந்தன. இனி நடந்ததுதான் நம் கேள்விக்கான பதில்.

மரம் முற்றியதும் இரண்டு நாடும் முதலில் செய்தது ஒன்றேதான். ஆலை கட்டின. நியூசிலாந்தில் 1950களில் கின்லித், கவராவ் என்ற இரண்டு ஊர்களில் பெரிய காகித ஆலைகள் எழுந்தன. கவராவ் ஆலைக்காகவே ஊரைப் புதிதாகக் கட்டினார்கள். சிலியில் 1959இல் லாஹா என்ற ஊரில் கூழ் ஆலை வந்தது. காகிதக் கூழ் என்றால் என்ன என்று சிறு பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மரத்தைச் சிறு சில்லுகளாக வெட்டி, ரசாயனத்தில் வேகவைத்து, நாரை மட்டும் பிரித்து எடுத்து உலர்த்தி அட்டை அட்டையாக ஏற்றுமதி செய்வார்கள். வாங்குகிற நாடு அதைக் கரைத்துக் காகிதம் செய்துகொள்ளும். 1960களின் இறுதியில் சிலி அரசே அராவ்கோ, கான்ஸ்டிடூசியோன் என்ற ஊர்களின் பெயரில் இரண்டு கூழ் நிறுவனங்களையும் தொடங்கியது.

நியூசிலாந்தில் இதனிடையே ஒரு சின்ன வாசல் திறந்தது. போருக்குப் பிறகு ஜப்பான் தன்னை மறுபடி கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மரம் வேண்டும், ஆனால் அறுக்கும் வேலையைத் தன் ஆலைகளிலேயே செய்துகொள்ள விரும்பியது. 1950களின் இறுதியில் டவுரங்கா துறைமுகத்திலிருந்து தடிகள் முழுசாக ஜப்பானுக்குப் போகத் தொடங்கின. உள்ளூர் ஆலைகள் தின்று தீர்க்க முடியாத அளவு மரம் ஒரே சமயத்தில் முற்றி நின்றதால், மிச்சத்தை விற்க இது ஒரு வழி என்றுதான் நினைத்தார்கள். பிரதான தொழில் ஆலைதான், தடி ஏற்றுமதி துணைத்தொழில். அந்த மிச்சம் பிற்காலத்தில் முதலாகிவிடும் என்று அப்போது யார் கண்டது?

இரண்டு நாடும் பிரிந்த இடம் 1974இலும் 1987இலும் இருக்கிறது. இந்த இரண்டு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1973 செப்டம்பரில் சிலியில் ராணுவப் புரட்சி, பினோசெட் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஆணைச்சட்டம் 701 என்று ஒன்று வந்தது. மரம் நட்டால் செலவில் நான்கில் மூன்று பங்கை அரசே தரும். நட்ட நிலத்துக்கு வரி இல்லை. அந்த நிலத்தை யாரும் கையகப்படுத்த முடியாது. தடையற்ற சந்தை என்று உலகத்துக்கே பாடம் எடுத்த ஆட்சி, மரத்துக்கு மட்டும் அரசுப் பணத்தை அள்ளிக் கொடுத்தது. இதைக் கவனிக்காமல் சிலியின் வெற்றியைச் சந்தையின் வெற்றி என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. பினோசெட்டின் மருமகன் ஹூலியோ போன்செ லெரோ அந்தக் காலத்தில் வன நிறுவனத்தின் தலைவராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசு கட்டிய அராவ்கோ, கான்ஸ்டிடூசியோன் நிறுவனங்கள் 1970களின் இறுதியில் தனியாருக்கு விற்கப்பட்டு, 1980களில் ஆஞ்சலினி குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னொரு பெரிய நிறுவனமான சிஎம்பிசி மத்தே குடும்பத்தினுடையது. இந்த இரு குழுமங்களிடமும் ஆலையும் இருந்தது, ஆலைக்குத் தீனி போடும் காடும் இருந்தது.

இந்தக் கடைசி வரியை மறுபடி ஒருமுறை படியுங்கள். ஆலைக்காரனே காட்டுக்காரன். அவன் தன் மரத்தைத் தடியாக விற்றால் தன் ஆலையைப் பட்டினி போடுகிறான் என்று அர்த்தம். 1980களில் சிலியும் தடிகளைக் கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றத்தான் செய்தது. ஆனால் 1990களில் புதுப்புது ஆலைகள் எழ எழ அந்த ஏற்றுமதி வற்றிவிட்டது. இன்று சிலியிலிருந்து போவது கூழ், அறுத்த பலகை, பிளைவுட், அமெரிக்க வீடுகளின் கதவுக்கும் சன்னலுக்கும் ஓரமாக அடிக்கும் இழைத்த சட்டங்கள். 1974இல் சுமார் மூன்று லட்சம் ஹெக்டேராக இருந்த பைன் காடு, நாற்பது ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. (ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.)

இப்போது 1987. நியூசிலாந்தில் தொழிற்கட்சி அரசு. ஆனால் அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக வேகமாக அரசுத் துறைகளைக் கலைத்த அரசு அதுதான். ஏப்ரல் முதல் தேதியில் வனத்துறை என்ற ஒன்றே இல்லை. காட்டை நம்பி அரசு கட்டிக்கொடுத்த ஊர்களில், மினிஞ்சினுய், கைங்காரோவா போன்ற கிராமங்களில், அப்பா, மகன், அண்ணன், தம்பி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை போனது. பெரும்பாலும் மாவோரி மக்கள். அந்த ஊர்கள் இன்றுவரை முழுசாக எழுந்திருக்கவில்லை. பிறகு காட்டை விற்கப் போனார்கள். மாவோரி மக்கள், இந்த நிலம் எங்களுடையது, 1840 வைத்தாங்கி ஒப்பந்தப்படி எங்கள் வழக்கு முடியாமல் விற்கக்கூடாது என்று எதிர்த்தார்கள். அதனால் 1989இல் ஒரு சட்டம் செய்து, நிலத்தை அரசு வைத்துக்கொண்டு, மரத்தை வெட்டும் உரிமையை மட்டும் விற்றது. 2008இல் கைங்காரோவா உட்பட அந்தப் பகுதியின் 176,000 ஹெக்டேர் காட்டு நிலம் எட்டு மாவோரி இனக்குழுக்களின் கூட்டமைப்புக்குத் திரும்பிப் போனது. சிலியில் இப்படி ஒன்று நடக்கவே இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வெட்டும் உரிமையை யார் வாங்கினார்கள்? இங்கேதான் பட்டறைக்காரருக்கு நேரடிப் பதில். கைங்காரோவாவை எடுத்துக்கொள்வோம். 1996இல் ஒரு கூட்டு நிறுவனம் பெருந்தொகை கொடுத்து வாங்கி, 2001இல் திவாலாகும் நிலைக்குப் போனது. 2003இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை நிதி வாங்கியது. இப்போது அதில் பெரும் பங்கு கனடாவின் அரசு ஊழியர்களுக்கும் படைவீரர்களுக்கும் ஓய்வூதியம் தரும் நிதியிடம் இருக்கிறது. நியூசிலாந்தின் சொந்த ஓய்வூதிய நிதிக்கும் மாவோரி இனக்குழுக்களுக்கும் அதில் பங்கு உண்டு. என்னைப் போல் மாதம் முதல் தேதி பென்ஷனுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கனடாக்காரரின் பணம் அந்தக் காட்டில் மரமாக நிற்கிறது. அவருக்கே தெரியாது.

இப்படிப்பட்ட உரிமையாளருக்கு ஆலை கிடையாது. மரத்துக்கு இன்றைய தேதியில் அதிக விலை யார் தருகிறார் என்பது மட்டும்தான் கேள்வி. உள்ளூர் சா மில்காரன் ஒரு விலை சொல்கிறான். துறைமுகத்தில் சீன வியாபாரி அதற்கு மேல் பத்து டாலர் வைக்கிறான். மரம் துறைமுகத்துக்குப் போகிறது. இதில் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. நம் ஊரில் நெல்லை அரைத்து அரிசியாக விற்றால் லாபம் கூட வரும் என்று எல்லா விவசாயிக்கும் தெரியும். ஆனால் களத்துமேட்டில் காசை எண்ணிக் கொடுப்பவனிடம்தானே கொடுக்கிறான்?

சீன வியாபாரி ஏன் பத்து டாலர் கூடக் கொடுக்க முடிந்தது? அதற்கு ரஷ்யாவைப் பார்க்க வேண்டும். சீனாவுக்கு முதலில் தடி அனுப்பிக்கொண்டிருந்தது ரஷ்யாதான். தன் மரம் தன் நாட்டிலேயே அறுபட வேண்டும் என்று ரஷ்யா 2007, 2008 ஆண்டுகளில் தடி ஏற்றுமதிக்கு வரியை உயர்த்தியது. சீனாவில் அப்போது அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த வெற்றிடத்தை நியூசிலாந்து நிரப்பியது. 2000களின் நடுவில் ஆண்டுக்கு ஐம்பது, அறுபது லட்சம் கன மீட்டராக இருந்த அதன் தடி ஏற்றுமதி, 2020களின் தொடக்கத்தில் இரண்டு கோடியைத் தாண்டியது. நாட்டில் வெட்டும் மரத்தில் பாதிக்கு மேல் அறுபடாமலே கப்பலேறுகிறது. அதில் பத்தில் எட்டுக்கு மேல் சீனாவுக்கு. மென்மரத் தடி ஏற்றுமதியில் உலகத்தில் முதலிடம். குஜராத்தின் கண்ட்லா துறைமுகத்திலும் நம் தூத்துக்குடியிலும் இறங்குவது இந்த ஆற்றின் சிறு வாய்க்கால்.

சீனாவில் அந்த மரம் என்ன ஆகிறது தெரியுமா? மேசை நாற்காலி என்று நினைத்தால் இல்லை. பெரும்பகுதி கான்கிரீட் போடுவதற்கான சென்ட்ரிங் பலகையும் சட்டமும். 28 ஆண்டு வளர்ந்த மரம், நாலைந்து தடவை கான்கிரீட் தாங்கிவிட்டுக் குப்பைக்குப் போகிறது. அது பாவம் என்று சொல்லவில்லை. வீடு கட்ட அதுவும் வேண்டும்தான். ஆனால் ஒரு நாட்டின் காடு முழுவதும் இன்னொரு நாட்டின் கட்டட வேலையை நம்பி நிற்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் கொரோனாவால் சீனத் துறைமுகங்கள் முடங்கின. நியூசிலாந்தில் ஒருவருக்குக்கூடக் காய்ச்சல் வராத அந்த நாட்களிலேயே கிஸ்போர்ன் பகுதியில் மரம் வெட்டும் குழுக்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தன. 2021இல் சீனாவின் வீட்டு மனை நிறுவனங்கள் ஆட்டம் கண்டபோது மறுபடி அதே கதை. அதே 2021இல்தான் கவராவ் காகித ஆலை, ஊரையே உண்டாக்கிய ஆலை, மூடப்பட்டது. உலகில் செய்தித்தாள் படிப்பது குறைந்ததுதான் அதற்கு முதல் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பணக்கணக்கில் பார்த்தால், நியூசிலாந்தின் மர ஏற்றுமதி ஆண்டுக்கு சுமார் 600 கோடி நியூசிலாந்து டாலர். சிலியினுடையது நல்ல ஆண்டுகளில் 600 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். அமெரிக்க டாலர் ஒன்றரை மடங்குக்கு மேல் மதிப்புள்ளது என்பதை மறக்கக்கூடாது. சிலியின் கணக்கில் யூகலிப்டஸ் கூழும் சேர்ந்திருப்பதால் இது நேருக்கு நேர் ஒப்பீடு ஆகாது. ஆனாலும் பைன் காட்டின் பரப்பில் நியூசிலாந்து சிலியைவிடப் பெரியது. நியூசிலாந்தில் நட்ட காடு 17 லட்சம் ஹெக்டேருக்கு மேல், அதில் பத்தில் ஒன்பது பங்கு ரேடியேட்டா. சிலியில் பைன் இப்போது சுமார் 13 லட்சம். குறைந்த காட்டில் கூடுதல் காசு.

அப்படியானால் சிலி செய்ததுதான் சரி என்று சொல்லிவிடலாமா? பொருளாதாரப் புத்தகத்தில் 'மதிப்புக் கூட்டல்' என்று ஒரு பாடம் இருக்கும். அதில் சிலிக்கு நூற்றுக்கு நூறு போடுவார்கள். நான் போடமாட்டேன்.

கூட்டிய மதிப்பு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். இரண்டு குழுமங்கள். அவர்களின் பைன் காடு சூழ்ந்த அராவ்கானியா பகுதி சிலியின் மிக ஏழ்மையான பகுதிகளுள் ஒன்றாகவே இருந்துவருகிறது. அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் மாப்புச்சே மக்கள். பினோசெட்டுக்கு முந்திய ஆட்சிகளின் நிலச் சீர்திருத்தத்தில் கொஞ்சம் நிலம் அவர்களுக்குத் திரும்பி வந்தது. ராணுவ ஆட்சி அதைப் பிடுங்கி ஏலம் விட்டது, வன நிறுவனங்கள் வாங்கின, 701ஆம் சட்டத்தின் மானியத்தில் பைன் நட்டன. சில இடங்களில் இருந்த இயற்கைக் காட்டையே அழித்து நட்டார்கள். வீட்டு வாசல்வரை பைன் வந்தது, கோடையில் கிணறும் ஓடையும் வற்றியது, குடிதண்ணீர் லாரியில் வந்தது. 1997 டிசம்பரில் லுமாக்கோ என்ற ஊரில் மரம் ஏற்றிப்போன லாரிகள் எரிக்கப்பட்டன. அன்று தொடங்கிய மோதல் கால் நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. நியூசிலாந்தில் 1989இல் நிலத்தை விற்காமல் நிறுத்திவைத்தார்களே, அந்த ஒரு முடிவின் அருமை இங்கேதான் தெரிகிறது. மரத்தை அறுக்காமல் விற்றதில் அவர்கள் இழந்தது கூலி. நிலத்தை விற்றுவிட்டிருந்தால் இழந்திருப்பது அமைதி.

இன்னொன்று, தீ. நூற்றுக்கணக்கான மைல் ஒரே வயது, ஒரே இனம், எண்ணெய்ப் பசையுள்ள மரம். 2017 ஜனவரியில் பற்றிய தீயில் ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. சாந்தா ஓல்கா என்ற ஊர், பெரும்பாலும் மரத்தொழிலாளிகள் வாழ்ந்த ஊர், ஒரே இரவில் சாம்பலானது. 2023இல் மறுபடி பெருந்தீ, இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

நியூசிலாந்துக்குத் தீ பெரிய பகையில்லை. அதற்குத் தண்ணீர். 1988இல் போலா என்ற புயல் கிஸ்போர்ன் பகுதியின் மலைச்சரிவுகளைக் கரைத்துக்கொண்டு போனது. ஆடு மேய்த்து மேய்த்து மொட்டையான சரிவுகள். மண்ணைப் பிடித்துவைக்க அரசு மானியம் கொடுத்து பைன் நடச்சொன்னது. நல்ல எண்ணம்தான், மண்ணும் நின்றது. முப்பது ஆண்டு கழித்து அந்த மரம் வெட்டுக்கு வந்தது. நல்ல தடி துறைமுகத்துக்குப் போனது. கிளை, நுனி, உடைந்த துண்டு எல்லாம் சரிவிலேயே கிடந்தது. 2018 ஜூன் மழையில் அது மொத்தமாக உருண்டு டோலாகா விரிகுடாவின் வயல்களையும் கடற்கரையையும் மூடியது. 2023 ஜனவரியில் கிஸ்போர்ன் கடற்கரையில் விளையாடிய ஒரு சிறுவன் மிதந்து வந்த கட்டை அடித்து இறந்தான். அடுத்த மாதமே காப்ரியேல் புயல். பாலங்களைத் தண்ணீர் உடைத்ததைவிடத் தண்ணீரில் வந்த கட்டைகள் உடைத்தது அதிகம் என்று அங்குள்ளவர்கள் கொதித்தார்கள். அரசு விசாரணை நடந்தது.

இதில் ஏற்றுமதிக் கதை எங்கே வருகிறது என்கிறீர்களா? பக்கத்தில் ஒரு கூழ் ஆலை இருந்திருந்தால் அந்தக் கிளையும் துண்டும் காசு. சிலியில் அதைப் பொறுக்கி ஆலைக்கோ கொதிகலனுக்கோ அனுப்புவார்கள். தடி மட்டுமே வாங்கும் வியாபாரிக்கு அது குப்பை. சரிவிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவுகூடத் திரும்பாது. எந்த வடிவத்தில் விற்கிறோம் என்பது ஆற்றில் எது மிதந்து வருகிறது என்பதுவரை தீர்மானிக்கிறது.

இன்றைய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். சிலியில் 701ஆம் சட்டத்தின் மானியம் 2012இல் முடிந்தது. எரிந்த காட்டை எல்லோரும் திரும்ப நடவில்லை. தடி கிடைக்காமல் சிறிய சா மில்கள் மூடிக்கொண்டிருக்கின்றன. ஆலைக்கு விசுவாசமாக இருந்த அராவ்கோ நிறுவனமோ தன் அடுத்த மாபெரும் கூழ் ஆலையைப் பிரேசிலில் கட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே யூகலிப்டஸ் ஏழே ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும்.

நியூசிலாந்தில் வேறு ஒரு வியாபாரம் வந்திருக்கிறது. 2008 முதல் அங்கே கரிமச் சந்தை உண்டு. மரம் வளர வளரக் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே இழுக்கும் அல்லவா, அதை அளந்து, புகை விடும் நிறுவனங்களுக்கு விற்கலாம். சிலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: வெட்டவே வேண்டாம், ரோடு போட வேண்டாம், கப்பல் வேண்டாம், சீனாவின் விலைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆட்டுப் பண்ணைகளை வாங்கிப் பைன் நட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். பண்ணை போனால் ஆள் போகிறான், ஆள் போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை. கிராமத்துப் பள்ளிகளில் வருகைப் பதிவேடு மெலிவதைப் பார்த்தவள் என்பதால் இந்தச் செய்தியை மட்டும் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. முழுப் பண்ணைகளை இப்படிக் காடாக மாற்றுவதற்கு வரம்பு கட்டப்போவதாக அந்நாட்டு அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. மேய்ப்பர்கள் வரவேற்றார்கள், காடு வளர்ப்போர் எதிர்த்தார்கள், மாவோரி நில உரிமையாளர்கள் பலரும் எதிர்த்தார்கள். திரும்பக் கிடைத்த மேட்டு நிலத்தில் வேறு வருமானத்துக்கு வழியில்லை என்பது அவர்கள் வாதம்.

ஆக்லாந்தில் இருக்கும் நம் சொந்தங்கள் யாராவது டவுரங்கா பக்கம் போனால், துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் தடிகளைப் படம் எடுத்து இங்கே கமென்டில் போடுங்கள். தூத்துக்குடிக்காரர் தன் பட்டறையில் இறங்கும் தடியின் படத்தைப் பக்கத்தில் போடட்டும்.